சில்லறைத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்: என் கிரெடிட் கார்டில் நடந்த திருட்டு

என் கிரெடிட் கார்டு ஒரு நாளும் என் பையை விட்டு வெளியே போகவில்லை. அதைத் தொலைக்கவில்லை, யாரிடமும் கொடுக்கவில்லை, ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு காலைப்பொழுதில், 11 நிமிடங்களுக்குள், ஐந்து பரிவர்த்தனைகளில் என் கடன் வரம்பின் பெரும்பகுதியைச் சுரண்டிவிட்டார்கள். கார்டு பத்திரமாக இருந்தால் பணமும் பத்திரம் என்று நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது ஒரு குறுஞ்செய்தி. அதிகாலை 2.40 மணி. கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர், அதற்கு நேரே கணக்கில் வைக்கவே தோன்றாத ஒரு சில்லறைத் தொகை. காலையில் எழுந்து பார்த்தேன். எப்போதோ சந்தா கட்டிய ஏதோ ஒரு செயலியாக இருக்கும் என்று நினைத்து, செய்தியை அழித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரின் குரலில் அத்தனை பணிவு. "சார், உங்கள் கார்டில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதை ரத்து செய்ய உங்களுக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால் போதும்" என்றார். நான் தயங்கியதும், "நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் கார்டு எண்ணை நானே சொல்கிறேன், சரிபாருங்கள்" என்று முதல் நான்கு இலக்கங்களையும் கடைசி நான்கு இலக்கங்களையும் ஒப்பித்தார். இரண்டும் சரியாக இருந்தன. ஒரு கணம் ஆடிப்போய்விட்டேன்.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். கார்டின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அதை வழங்கிய வங்கியையும் கார்டின் வகையையும் குறிப்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவை ஒன்றுதான். கடைசி நான்கு இலக்கங்களோ நாம் கடையில் வாங்கிக் கசக்கி எறியும் ரசீதுகளிலேயே அச்சாகின்றன. அவர் சொன்ன எட்டு இலக்கங்களும் எதற்கும் சாட்சி அல்ல. ஆனால் கேட்கிறவருக்கு, தன் வீட்டு ரகசியத்தையே ஒருவர் சொல்வது போல இருக்கும்.

நான் ஓ.டி.பி.யைச் சொல்லவில்லை, அழைப்பைத் துண்டித்துவிட்டேன். ஏமாறாமல் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி வேறு. அவர் கையில் என் முழு எண்ணும் ஏற்கெனவே இருக்கக்கூடும், ஓ.டி.பி. ஒன்றுதான் குறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே கார்டை முடக்கியிருக்க வேண்டும்.

அடுத்த இரண்டாம் நாள் காலை அந்த ஐந்து பரிவர்த்தனைகள். ஐந்தும் பரிசுக் கூப்பன்கள். பொருளாக வாங்கினால் அனுப்புவதற்கு ஒரு முகவரி தேவை, அங்கே ஆள் மாட்டிக்கொள்வான். கூப்பன் என்றால் மின்னஞ்சலில் ஒரு குறியீடு வந்தால் போதும், அதை உடனே விற்றுக் காசாக்கிவிடலாம். என்னிடமிருந்து ஓ.டி.பி. கிடைக்காததால், அதைக் கேட்காத வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள். கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்க மூன்று இலக்கங்கள் ஆகியவை மட்டும் இருந்தால் பணத்தை எடுத்துக்கொள்ளும் தளங்கள் உலகில் நிறைய உண்டு.

வங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது செய்தி வந்தவுடன் அழைத்தேன். பதிவு செய்த குரல் முதலில் கடன் திட்டங்களைச் சொன்னது, பிறகு வெகுமதிப் புள்ளிகளைச் சொன்னது. கார்டை முடக்குவதற்கான எண் அதற்குப் பிறகுதான் வந்தது. 22 நிமிடங்கள் இசை கேட்டுக்கொண்டு நின்றேன். காதில் இசை ஒலித்துக்கொண்டிருந்தபோதே நான்காவது செய்தி வந்தது, ஐந்தாவதும் வந்தது. கடைசியில் பேசிய ஊழியர் கேட்ட முதல் கேள்வி, "ஓ.டி.பி.யை யாரிடம் சொன்னீர்கள்?" சொன்னீர்களா என்றுகூட இல்லை, யாரிடம் சொன்னீர்கள் என்று. பணத்தைப் பறிகொடுத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத்தான் புகாரையே எழுதிக்கொள்கிறார்கள். என் வங்கிச் செயலியிலேயே கார்டைத் தற்காலிகமாகப் பூட்டும் பொத்தான் ஒன்று இருந்திருக்கிறது. யாருக்காகவும் காத்திருக்காமல் சில நொடிகளில் முடக்கியிருக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை மட்டும் நிறுத்தி வைக்கும் வசதியும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் உங்கள் செயலியில் எங்கே இருக்கின்றன என்று இப்போதே தேடிப் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

விவரங்கள் எங்கிருந்து போயின என்பது மூன்று வாரங்கள் கழித்துத் தெரிந்தது. நான் ஒரே ஒரு முறை பொருள் வாங்கிய ஒரு சிறிய இணையக் கடை மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அவர்களின் கட்டணப் பக்கத்தில் யாரோ தீய நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டார்களாம். நாம் கட்டங்களில் தட்டும் ஒவ்வோர் இலக்கமும் கடைக்குப் போகும்போதே திருடனுக்கும் ஒரு பிரதி போய்க்கொண்டிருந்திருக்கிறது. முகவரிக்கு அருகில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று அன்றைக்கு நான் பார்த்தேன், இருந்தது. அந்தப் பூட்டு, விவரம் வழியில் ஒட்டுக்கேட்கப்படாது என்பதற்கு மட்டுமே உறுதி. பக்கத்துக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் அது என்ன செய்யும்?

சிறிய கடை என்பதால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தளத்திலேயே இது நடந்தது. வெறும் 22 வரி நிரல். சுமார் 3,80,000 பரிவர்த்தனைகளின் கார்டு விவரங்கள் போயின என்று அந்த நிறுவனமே அப்போது அறிவித்தது. பின்பக்க மூன்று இலக்கங்களைக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்கள் வகுத்த விதி. ஆகவே சேமிப்புக் கிடங்கை உடைத்தாலும் அவை கிடைக்காது. நாம் தட்டும் நேரத்திலேயே பறிப்பதற்காகத்தான் இந்த வழியைப் பிடித்திருக்கிறார்கள்.

இது ஒரு வழி. கார்டைத் தேய்க்கும் கருவியிலோ ஏ.டி.எம். வாயிலோ போலிப் படிப்பானை ஒட்டி, காந்தப் பட்டையை நகலெடுப்பது பழைய வழி. சிப் அப்படியல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீடு ஒன்றை உருவாக்குவதால் அதை நகலெடுத்துப் பயனில்லை. எதையுமே திருடாமல் கணக்குப் போட்டே எண்ணைக் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். கார்டின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவருக்கு 1960-இல் காப்புரிமை கிடைத்த எளிய கணக்கு அது, எவரும் செய்துவிடலாம். வங்கிக்குரிய முன் இலக்கங்களைத் தெரிந்துகொண்டு மீதியைக் கணினியை விட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்.

எந்த வழியில் கிடைத்தாலும் அடுத்துச் செய்வது ஒன்றுதான். கார்டு விவரங்கள் மூட்டை மூட்டையாகக் கைமாறும்போது எது உயிரோடு இருக்கிறது, எது முடக்கப்பட்டுவிட்டது என்று வாங்கியவனுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய தொகையை எடுத்துப் பார்க்கிறான். சந்தா சேவைகளும் நன்கொடைப் பக்கங்களும் இதற்குத் தோதானவை. தொகை போய், கார்டுக்காரர் சத்தம் போடவில்லை என்றால் அந்தக் கார்டு வேட்டைக்குத் தயார். அதிகாலை 2.40-க்கு என்னிடம் வந்தது அந்தச் சோதனைதான். நான் சத்தம் போடவில்லை.

நான்கு பரிவர்த்தனைகளுக்கான பணம் 47 நாள்களில் திரும்பியது. ஐந்தாவதை மறுத்தார்கள். புகார் பதிவான நேரம் அந்தப் பரிவர்த்தனைக்குப் பின்னால் இருக்கிறதாம். நான் அழைத்த நேரமும் காத்திருந்த 22 நிமிடங்களும் என் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் இருந்தன. அதைப் படமெடுத்து அனுப்பி, எழுத்தில் பதில் கேட்ட பிறகே அதுவும் வந்தது.

புதிய எண்ணோடு புதிய கார்டும் வந்து சேர்ந்தது. முதல் மாதக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது வரியில் அதே பெயர், அதே சில்லறைத் தொகை! வழக்கமாகப் பணம் எடுக்கும் சந்தா நிறுவனங்களுக்கு, கார்டு மாறினால் புதிய எண்ணைத் தானாகவே தெரிவிக்கும் சேவை விசாவிடமும் மாஸ்டர்கார்டிடமும் இருக்கிறது. திருடன் சோதித்துப் பார்க்கப் போட்ட சந்தா அந்த வழியாகப் புதிய கார்டுக்கும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. கார்டை மட்டும் மாற்றினால் போதாது, அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அதற்கான அனுமதியையும் ரத்து செய்யச் சொல்ல வேண்டும் என்று வங்கியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று காலையே அழைத்துச் சொன்னேன். புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துவிட்டுத்தான் தொலைபேசியைக் கீழே வைத்தேன்.