கடற்கரைக் காற்றில் நிக்ஸி மணிக்கூடு: நீண்ட காலப் பாவனை அனுபவம்

நிக்ஸி என்பது இலக்க வடிவக் கம்பிகள் வாயுவுக்குள் ஒளிரும் கண்ணாடிக் குழாய். அதில் ஐஎன்-14 என்ற வகை ஆறு பூட்டிய மணிக்கூடு கொழும்பு வெள்ளவத்தை மாதிரிக் கடலோர வீட்டில் வருடக்கணக்காக ஓடினால், முதலில் தகராறு கொடுப்பது அடியிலுள்ள உயர் வோல்ட் பலகை. குழாய் அதற்குப் பிறகும் நெடுநாள் நிற்கும்.

குழாய் பற்றுவதற்கு, அதாவது ஒளிரத் தொடங்க, 170 வோல்ட்டளவு வேண்டும். பற்றியதும் அதன் குறுக்கே ஏறத்தாழ 140 வோல்ட்தான் நிற்கும். மிச்சத்தை அனோட் (நேர்முனை) தடையி தாங்கும். 175 வோல்ட் வழங்கலுக்கு 15 கிலோ ஓம் போட்டால் 2.3 மில்லி அம்பியர் ஓடும். 2.5-க்கு மேலே கொண்டுபோய் வெளிச்சம் தேடாதீர்கள், ஆயுள்தான் குறையும்.

மழைக்காலத்தில் 3 எரியும்போது பின்னால் இன்னோர் இலக்கம் மங்கலாகத் தெரிகிறதா? உடனே இலக்கங்களை இயக்கும் கே155ஐடி1 சிப்பைக் கழற்ற வேண்டாம். பற்றாசு வைத்தபின் கழுவாமல் விட்ட பிளக்ஸ் (பற்றாசு பிடிக்கப் பூசும் பசை), உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, நெருக்கமாக ஓடும் கதோட் (இலக்கக் கம்பி) தடங்களுக்கிடையில் மின்னைக் கசியவிடும். வெயில் நாளில் அது மறைந்தால் பெரும்பாலும் கசிவுதான். ஐசோப்ரொப்பைல் அல்கஹோலும் பழைய பல் தூரிகையும் கொண்டு தேய்த்து, நன்றாக உலர்த்தி, அக்ரிலிக் பூச்சு இரண்டு தடவை அடியுங்கள். கை வைக்குமுன் மின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். வெளியீட்டுக் கொள்ளளவிக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் தடையி நிரந்தரமாக இருந்தால், 4.7 மைக்ரோ பரட் கொள்ளளவியில் தேங்கிய மின் பத்துப் பன்னிரண்டு செக்கனில் வடிந்துவிடும். அந்தக் கொள்ளளவி 250 வோல்ட்டும் 105 பாகை செல்சியஸும் தாங்கும் வகையாக இருக்கட்டும். இவையெல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். குழாயை வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டிவரும், ஒன்றிரண்டு கூடுதலாக.

அடுத்த நோய் கதோட்டில் படிவு. மணியின் பத்தாம் இடத்துக் குழாய் 0, 1, 2 மட்டுமே காட்டும். எரியும் கதோட்டிலிருந்து சிதறும் உலோகம் சும்மா கிடக்கும் இலக்கங்களில் படிய, திகதி காட்டும் நாளில் 3 பாதிதான் ஒளிரும். எல்லா இலக்கங்களையும் தினமும் இரவில் ஐந்து நிமிடம் சுழலவிட்டால் இது வராது. வந்துவிட்டால், அந்த இலக்கத்தை மட்டும் சற்றே கூடிய கரண்ட்டில் சில மணிநேரம் எரியவிட்டு, தெளிந்ததும் நிறுத்துங்கள்.

நேரத்துக்கு டிஎஸ்3231 என்ற கடிகார சிப் நம்பகமானது. ஆனால் அது பூட்டிய மலிவான பலகைகள் பலவற்றில் மின்கலத்தைச் சார்ஜ் பண்ணும் சுற்று இருக்கும். சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 போடுவதென்றால் அதிலுள்ள 200 ஓம் தடையியைக் கழற்றிவிடுங்கள். வீட்டு மின்னின் அதிர்வெண்ணை எண்ணி ஓடும் அமெரிக்க மணிக்கூடு வேண்டாம். 60 ஹேர்ட்ஸுக்கு அமைந்தது இங்குள்ள 50-இல் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது.

உயர் வோல்ட்டுக்குப் பயமென்றால் குறைந்த வோல்ட்டில் பச்சையாக ஒளிரும் ஐவி-18 குழாய் உண்டு. பார்க்க வடிவு, ஆனால் நாள் முழுக்க எரித்தால் உள்ளே ஒளிரும் பூச்சான பொஸ்பர் தேய்ந்து வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். இரவில் அணைத்துவைப்பவர்களுக்கே அது சரிவரும்.