கிளம்ப மறுத்த எம்ஜிபியும் வீடு தேடி வந்த மெக்கானிக்கும்

லண்டனில் என் வீட்டு வாசலில் நிற்கும் 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் ஒரு காலையில் கிளம்ப மறுத்ததால், வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் சேவை ஒன்றை அழைத்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் வேகமாகவே சுழன்றதால், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் மீது பழி போடாமல், மெக்கானிக் சாவியைத் திருப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பின்புறமுள்ள எஸ்யூ நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் எழுப்ப வேண்டிய 'டிக் டிக்' ஒலி கேட்கவில்லை. சுத்தியலின் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் பம்ப் உயிர்பெற்றது. தட்டி ஓட்டுவது நெடுநாள் தாங்காது என்று சொல்லி, உள்ளே கருகியிருந்த தொடுமுனைகளை மாற்றியதோடு, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் (தொடுமுனை) இடைவெளியையும் 0.38 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தார். புதிய பம்ப் ஒன்றை என் தலையில் கட்டாதது பிடித்திருந்தது. இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தவர், அதை முன்கூட்டியே தெரிவித்திருக்கலாம்.