முழு மரம் என்று சொல்லி 18,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: சமையலறை மேசையில் தச்சு வேலை செய்ய நினைப்பவர்கள் படியுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வராந்தாவை அடைத்துக்கொண்டு ஒரு சமையலறை மேசை நிற்கிறது. விலை 18,400 ரூபாய். முழு ரப்பர் மரம் என்று சொல்லி விற்றார்கள். உள்ளே இருப்பது மரத்துகளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. மேலே மரக்கோடு அச்சடித்த தாள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சமையலறை மேசையைத் தச்சு மேசையாக்கும் இதே யோசனையில் இருக்கும் வேறு யாரும் இவர்களிடம் மாட்டக்கூடாது.

யோசனை நல்ல யோசனைதான். நம் பக்கத்து ஆசாரிமார் பலர் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டே இழைத்துவிடுவார்கள். மூட்டுவலி உள்ள எனக்கு அது ஆகாது. நின்று வேலை செய்ய மேசை வேண்டும். தேக்கிலோ வேங்கையிலோ தனியாகச் செய்யச் சொன்னால் கட்டுப்படியாகாது. ஆயத்தமாக விற்கும், நின்று வேலை செய்யும் வகைச் சமையலறை மேசை பெரும்பாலும் 34 முதல் 36 அங்குல உயரம் இருக்கும். நின்றபடி அறுக்கவும் உளி பிடிக்கவும் அது வசதி. இழைப்புளி தள்ள இன்னும் தாழ்வாக வேண்டும் என்றால் காலைக் குறைத்துக்கொள்ளலாம். இழைக்கும்போது விசை பக்கவாட்டில் போவதால் மேசை ஆடும். கீழ்த்தட்டில் செங்கல்லோ மணல் மூட்டையோ அடுக்கி, பின்புறம் ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் நின்றுவிடும். மேற்பலகை மட்டும் ஒன்றரை அங்குலக் கனத்தில் அசல் மரமாக இருந்தால் போதும். வைஸ் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பூட்டலாம், துளையிட்டு முளை செருகிப் பலகையை நிறுத்தலாம். பால் வெட்டி ஓய்ந்த ரப்பர் மரத்தை மருந்தேற்றி, சிறு சட்டங்களாக ஒட்டிச் செய்யும் பலகை இதற்கு நன்றாகவே தாங்கும், தேக்கை விட விலையும் குறைவு.

ஆக, எல்லாம் அந்த மேற்பலகையைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் நான் கேட்டதும் அதை மட்டும்தான்.

விற்றது இணையத்தில் அறைகலன் விற்கும் ஒரு தளம். விற்பனைப் பக்கத்தில் ‘முழு மரம்’ என்று போட்டிருந்தது. அது போதாதென்று அவர்கள் கொடுத்திருந்த எண்ணில் அழைத்தேன். எடுத்த பையன் என் பேச்சைக் கேட்டதுமே, “அண்ணாச்சி, நானும் தென்காசிப் பக்கம்தான்” என்றான். தச்சு வேலைக்கு வாங்குகிறேன், வைஸ் பூட்டுவேன், சுத்தியலால் அடிப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “தாராளமாக அடியுங்கள் அண்ணாச்சி. முழு ரப்பர் மரம், ஒன்றரை அங்குலம். மரத்தூள் பலகை என்று வந்தால் நானே பொறுப்பு” என்றான். என் பேரனுக்குத் தொட்டில் செய்யப்போவதைக்கூடச் சொன்னேன். “தொட்டில் முடிந்ததும் படம் அனுப்புங்கள் அண்ணாச்சி” என்றான். சொன்ன சொல்லுக்காக நஷ்டப்பட்ட கடைக்காரர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். ஊர்ப் பேச்சில் ஒருவன் பொறுப்பு என்று சொன்னால் அதை நம்புவேன். நம்பி 18,400 ரூபாயையும் ஒரே தவணையில் அனுப்பினேன்.

மேசை வந்தது. பார்வைக்கு அசல் மரம்தான். தூக்கிப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் பார்ட்டிகிள் போர்டும் ரப்பர் மரத்துக்குக் குறையாத கனம். வைஸ் பூட்ட அடியிலிருந்து டிரில் போட்டபோதுதான் வண்டவாளம் வெளிவந்தது. மரமாக இருந்தால் சுருள் சுருளாகச் சீவல் வரும். இதில் தவிட்டு நிறத் தூள் கொட்டியது. திருகாணியை இறுக்கினால் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. இழைப்புளியை வைத்துத் தள்ளியபோது வைஸ் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அன்று மாலைச் சாரலில் அந்தப் பெயர்ந்த இடம் நனைந்து, ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது.

அதன் பிறகு ஆரம்பித்ததுதான் உண்மையான வதை. புகார் எண் கொடுத்தார்கள். அடுத்து அழைத்தபோது அந்த எண்ணே இல்லை என்றார்கள். ஒரு பெண், “சமையலறைப் பொருளைத் தச்சு வேலைக்குப் பயன்படுத்தினால் நிறுவனம் பொறுப்பல்ல” என்றார். நான் எதற்கு வாங்குகிறேன் என்று முன்பே சொன்னேனே அம்மா, அதுவும் இருக்கட்டும், சமையலறைக்கு வாங்கியவருக்கு மட்டும் துகளை மரம் என்று விற்கலாமா என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. இன்னொருவர், துளையிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார். துளையிடாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மேலதிகாரி என்று ஒருவர் வந்து, அடுத்த முறை வாங்கும்போது 500 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். 18,400 ரூபாய் போனவனுக்கு 500 ரூபாய், அதுவும் அவர்களிடமே இன்னொரு பொருள் வாங்கினால்! இதற்கிடையில் விற்பனைப் பக்கத்தில் ‘முழு மரம்’ என்றிருந்தது ‘மரத் தோற்றம்’ என்று மாறிவிட்டது. அண்ணாச்சி என்று அழைத்த பையன் என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதே இல்லை.

வாங்கும் முறையை விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்குச் சில: மேற்பரப்பின் ரேகை பலகையின் முனையிலும் தொடர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள்; அச்சடித்த தாளாக இருந்தால் விளிம்போடு நின்றுவிடும். ஒரே கணு இரண்டு இடத்தில் இருந்தால் அது அச்சு. விற்பனைப் பக்கத்தைப் பணம் கட்டும் முன் படம் பிடித்து வையுங்கள். நான் பிடித்து வைத்திருக்கிறேன். என்ன மரம், எவ்வளவு கனம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் நேரில் மர டிப்போவில் பலகையாக எடுத்து, காலை மட்டும் ஆயத்தமாக வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இதே போல் ‘முழு மரம்’ என்று நம்பி மேசை வாங்கியவர்கள் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே மனு கொடுக்கலாம்.