வாடகை வீடு யார் பெயரில்? மட்டக்களப்பு வீட்டுக்காரருக்கு ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பில் வீட்டுக்காரர்களில் கணிசமானோர் பெண்கள். சீதன வீடு மகள் பெயரில் எழுதப்படுவது இங்கத்தைய வழமை. அந்த வீட்டை வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கோ போதனா வைத்தியசாலைத் தாதியருக்கோ வாடகைக்கு விடும்போது, உரிமையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் முன்பின் தெரியாத பலரிடம் போய்ச் சேருகின்றன. தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது சின்ன விசயம் இல்லை.

பெயரை வெளியில் விடாமல் வீட்டை வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், ஊரில் மூன்று யோசனை சொல்வார்கள்: உறவினர் ஒருவர் பெயரில் எழுதுங்கள், கம்பனி தொடங்குங்கள், அற்றோனித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் தரும் அதிகாரம்) கொடுங்கள்.

உங்கள் பெயரிலேயே உறுதி (காணிப் பத்திரம்) இருந்தால் எவ்வளவு தெரியவரும் என்பதை முதலில் பார்ப்போம். காணிப் பதிவகத்தின் பதிவேடுகள் யாரும் பார்க்கக்கூடியவை. கட்டணத்தைக் கட்டினால் தேடலாம், பிரதியும் எடுக்கலாம். உறுதியின் பிரதி ஒன்றை வாசித்துப் பாருங்கள்: விற்றவர், வாங்கியவர், இருவரின் முகவரி, பெரும்பாலும் அடையாள அட்டை இலக்கம், கைமாறிய தொகை, நான்கு எல்லை, உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைப் பக்கத்து வளவுக்காரர் அறிய விரும்பினால் அறியலாம். காணியில் மோசடி நடக்காமல் இருக்க இந்தத் திறந்த பதிவு தேவை. அதனால் இதை மூடிவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உறவினர் பெயரில் எழுதுவதைத்தான் நான் முழுமூச்சாக எதிர்ப்பேன். உங்கள் பெயர் மறையும், உண்மைதான். கூடவே வீடும் போகலாம். அண்ணன் பெயரில் எழுதினால், அண்ணனின் கடன்காரர் அந்த வீட்டைக் கேட்பார். அண்ணன் காலமானால் அவருடைய பிள்ளைகள் உரித்தாளிகள். காணி உரிமை நொத்தாரிசு உறுதியால்தான் மாறும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ‘பேருக்குத்தான் எழுதினோம்’ என்று நிரூபிக்க மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டிவரும். அங்கே குடும்ப விவகாரம் எல்லாமே பகிரங்கமாகிவிடும்.

கம்பனி கேட்க நன்றாக இருக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பதிவாகும்போது பணிப்பாளர், பங்குதாரர் விபரங்கள் கம்பனிப் பதிவாளரிடம் போகின்றன. அவற்றையும் பொதுமக்கள் பார்க்கலாம். உறுதியிலிருந்து போன பெயர் இன்னொரு பதிவேட்டில் ஏறுகிறது, அவ்வளவுதான். செயலாளர் செலவும் ஆண்டறிக்கையும் தனி. வரியைப் பாருங்கள்: தனிநபருக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வருமானம் வரை விலக்கு உண்டு. கம்பனிக்கு அந்த விலக்கு இல்லை, பொதுவான விகிதம் 30 சதவீதம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் கம்பனி வழியாகக் காணி வாங்க நினைத்தால், பங்கில் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டவரிடம் இருந்தால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கும். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ பலர் சேர்ந்து விடுதி நடத்தினால் கம்பனி பொருந்தும். அங்கே அதன் பயன் பொறுப்பைப் பிரிப்பது. ஒரு வீட்டுக்கு வேண்டாம்.

ஒன்றிரண்டு வீடு உள்ளவருக்கு என் தெரிவு அற்றோனித் தத்துவம். உறுதி உங்கள் பெயரில் அப்படியே இருக்கும். தத்துவம் பெற்றவர் உங்களுக்காக வீட்டைப் பார்ப்பார்: வாடகைப் பலகையில் போடும் இலக்கம் அவருடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்து அவருடையது, இரவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் அழைப்பு போவதும் அவருக்கே. உங்கள் பெயர் ஒப்பந்தத்தில் வரும். நீங்கள் இருக்கும் இடமும் கைத்தொலைபேசியும் வரத் தேவையில்லை. கனடாவிலோ சுவிஸிலோ இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை: வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரியாது.

ஆனால் பொதுத் தத்துவம் கொடுக்காதீர்கள். அதை வைத்துக் காணியையே விற்றுவிடலாம். வாடகைக்கு விட, வாடகை வாங்க, திருத்த வேலை செய்ய என்று எல்லை போட்டு விசேட தத்துவம் எழுதுங்கள். விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பதிவு செய்யுங்கள். இரத்துச் செய்தால் அதையும் பதிவு செய்யுங்கள்.

சரி, உங்கள் விபரத்தைக் காப்பது போலக் குடியிருக்க வருபவரின் விபரத்தையும் காக்க வேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு மாணவியின் எண்ணைப் பார்த்தே பிறந்த திகதியைச் சொல்லிவிடலாம். அந்த அட்டையைப் படம் பிடித்துத் தரகரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அநியாயம். எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அட்டையை நேரில் பார்த்துச் சரிபாருங்கள். பிரதி வாங்கியே ஆகவேண்டும் என்றால் அதன் குறுக்கே ‘வாடகைக்கு மட்டும்’ என்று எழுதி, வீட்டுக்காரர் தானே வைத்திருந்து, குடியிருப்பவர் வீட்டை விட்டுப் போகும் நாளில் கையில் திருப்பிக் கொடுங்கள்.