மோர்கனா, அலீனாவா? பகடை ஆட்டப் புத்தகங்களில் பெண்ணின் இடம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆட உட்காரும் எந்தக் குழுவும் முதலில் பேசுவது எந்தப் பதிப்பை எடுப்பது என்பதைத்தான். விதிகள் எளிதா, புத்தகம் கிடைக்குமா, விலை என்ன என்று பார்ப்பார்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி: அந்தப் புத்தகம் பெண் பாத்திரத்துக்கு என்ன வேலை கொடுக்கிறது?

தெரியாதவர்களுக்கு: ஒருவர் டன்ஜன் மாஸ்டராகக் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-இல் கொண்டுவந்த ஆட்டம் இது. அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் இருந்தது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில். பழைய பதிப்புகளையும் இன்றுவரை ஆடுகிறார்கள். அதனால் இந்த ஒப்பீடு அருங்காட்சியக வேலை இல்லை.

முதலில் 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி. அதன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் உடல் வலிமைக்கு ஓர் அட்டவணை உண்டு. மனித ஆண் 18/00 வரை போகலாம்; மனிதப் பெண்ணுக்கு 18/50-தான் எல்லை (கோட்டுக்குப் பின்னால் இருப்பது, 18 கிடைத்த போர்வீரர் மறுபடி உருட்டும் நூற்றுக்கான எண்; 00 என்றால் 100). முன்னது தாக்கும்போது பகடையில் 3 கூட்டும், சேதத்தில் 6 கூட்டும். பின்னது 1, 3. உண்மையைச் சொன்னால், இந்த எல்லையில் முட்டுவதே அபூர்வம். மூன்று பகடையில் 18 விழுவதற்கே 216-இல் ஒரு வாய்ப்பு. அதன் பிறகுதான் அந்த 50, 00 எல்லாம். அப்படியானால் பெரிய பாதகம் இல்லையே என்று கேட்கலாம். அதனால்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஆட்டத்தில் அநேகமாக எதையும் மாற்றாத ஒரு விதியை, பெண் கீழேதான் என்று பதிவு செய்வதற்காகவே அச்சடித்தது போல இருக்கிறது.

யதார்த்தத்துக்காக வைத்தது என்று வாதாடுபவர்கள் அதே அட்டவணையில் மற்ற வரிகளையும் படிக்க வேண்டும். ஹாஃப்லிங் என்ற மூன்றடி உயரக் கற்பனை இனத்து ஆணுக்கு உச்ச வலிமை 17. எல்ஃப் என்ற இன்னொரு கற்பனை இனத்துப் பெண்ணுக்கு 16. இடுப்புயரம் இருக்கும் ஆண் அவளைவிடப் பலசாலியாகலாம், அவள் அவனை எட்டவே முடியாது என்பதில் யதார்த்தம் எங்கே இருக்கிறது?

அடுத்த ஆண்டு வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், நகரத் தெருவில் யார் எதிர்ப்படுவார் என்று பகடை போட்டுப் பார்க்கும் பகுதியில், விலைமாதரையும் அவர்களை வைத்துத் தொழில் நடத்துபவர்களையும் மட்டும் 12 வகையாகப் பிரித்து ஒரு துணைப் பட்டியல் இருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 1976-இல், தி டிராகன் இதழில் வந்த ஒரு கட்டுரை, பெண் பாத்திரங்களுக்கு ஆளுமை என்ற மதிப்பெண்ணை எடுத்துவிட்டு அழகு என்ற மதிப்பெண்ணை வைக்கச் சொன்னது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த வலிமை எல்லையைக் கைவிட்டது. ஆனால் 2012-இல் 1978 புத்தகம் மறுபதிப்பாக வந்தபோது அட்டவணையும் கூடவே வந்தது.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது, அதே டிஎஸ்ஆர் அதே காலத்தில் விற்ற இன்னொரு வரிசை. டாம் மோல்ட்வே தொகுத்த 1981-ஆம் ஆண்டு பேசிக் பெட்டியையும் (புதியவர்களுக்கான விதிப் புத்தகம் உள்ள பெட்டி), ஃபிராங்க் மென்ட்சர் திருத்தி 1983-இல் வந்த சிவப்புப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1981 பெட்டியில் பெண்ணுக்குத் தனி வலிமை எல்லை கிடையாது. அட்டைப் படத்திலேயே டிராகனுக்கு எதிரே நிற்கும் இருவரில் மந்திரம் போடுபவள் ஒரு பெண். பாத்திரம் உருவாக்குவது எப்படி என்று காட்ட எடுத்துக்கொண்ட மாதிரி, மோர்கன் அயர்ன்வுல்ஃப் என்ற போர்வீராங்கனை; வலிமை 16. புத்தகத்தில் வரும் மாதிரி ஆட்டத்தில் குழு முழுவதற்கும் சார்பாக டன்ஜன் மாஸ்டரிடம் பேசுபவளும் அவள்தான். எங்கே போவது, என்ன செய்வது என்பதை அவள் வாயால் கேட்கிறோம். அந்த ஆட்டத்தில் விஷப்பொறியில் சிக்கி விழுவது டூகல் என்ற திருடன். ஆட்டம் அப்படியே மேலே நகர்கிறது.

1983 பெட்டியில் நீங்கள் தனியாக ஆடும் அறிமுகக் கதை இருக்கிறது. குகையில் அலீனா என்ற பூசாரிப் பெண்ணைச் சந்திக்கிறீர்கள். காயத்தை ஆற்றுகிறாள், ஆட்டத்தைச் சொல்லித் தருகிறாள், துணைக்கு வருகிறாள். ஓவியர் லாரி எல்மோர் அவளைக் கண்ணியமாக, கவசத்தோடு வரைந்திருக்கிறார். அப்புறம் பார்கிள் என்ற மந்திரவாதி ஏவும் மந்திர அம்பில் செத்துவிடுகிறாள். நீங்கள் எந்தப் பகடையை எப்படி உருட்டினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அவள் உடலைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறீர்கள். ஆட்டக்காரனுக்குக் கோபம் மூட்டத்தான் அவளைப் படைத்திருக்கிறார்கள்.

படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் 1983-தான் ஜெயிக்கும். மோர்கனின் படத்தில் சங்கிலிக் கவசம் உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. வரைந்தவர் எதைக் காட்ட விரும்பினார் என்பது தெரிகிறது. ஆனாலும் நான் மோர்கன் பக்கம். முடிவு எடுக்கிறாள், தவறினால் அதன் விளைவையும் அவளே சுமப்பாள். அலீனாவுக்கு அழகான படம் கிடைத்தது, கதை கிடைக்கவில்லை. பெண்களின் சித்திரிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இரும்புக் கச்சையோடு நின்றுவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உடையைத் திருத்துவது எளிது, யார் யாருக்காகச் சாகிறார்கள் என்பதைத் திருத்துவதுதான் கடினம்.

இனி 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு. விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்டது. மனித இனத்துக்கான பக்கத்தில் வாளும் கேடயமும் ஏந்திய கறுப்பினப் பெண் நிற்கிறாள். ஆண், பெண் என்ற இரண்டுக்குள் பாத்திரத்தை அடைக்க வேண்டியதில்லை என்று நேரடியாக எழுதியிருக்கிறார்கள். ஆளை மயக்கும் பிசாசுக்கும் ஆண் வடிவம், பெண் வடிவம் இரண்டுமே உண்டு, இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்கள். இதெல்லாம் நல்ல மாற்றம்தான். ஆனால் 1978 சாகசங்களில் அறிமுகமான ட்ரோ என்ற கறுத்த எல்ஃப்களின் சமூகம் தொடர்கிறது: நிலத்தடியில் பெண்கள் ஆளும் நாடு, அவர்களுக்குச் சிலந்தித் தெய்வம் லோல்த், ஆட்சி முழுக்கக் கொடூரம். இந்த ஆட்டத்தின் மிகப் பிரபலமான பெண்ணாட்சி இன்றும் அதுதான். தனியாகப் பார்த்தால் பிரமாதமான வில்லிகள். எதிர்த் தட்டில் வைக்க அதே அளவு பேர்பெற்ற இன்னொரு பெண்ணாட்சி இல்லை என்பதுதான் குறை.

அந்தக் குறையை எடுத்த எடுப்பிலேயே போக்கிவிடுகிறது புளூ ரோஸ் என்ற வேறோர் ஆட்டம். கிரீன் ரோனின் நிறுவனம் 2005-இல் வெளியிட்டு, 2017-இல் வேறு விதிமுறையோடு திரும்பக் கொண்டுவந்தது. அதன் கதை நடக்கும் ஆல்டிஸ் நாட்டில் அரசரைத் தேர்ந்தெடுப்பது பொன்மான். அரியணையில் இருப்பவர் ஜெய்லின் என்ற பெண். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் வாழ்வது அங்கே சாதாரணம். 2017 பதிப்பில் பாத்திரங்களுக்கு இடையேயான உறவின் ஆழமும் ஓர் எண்ணாகி, நெருக்கடியில் கைகொடுக்கிறது. பாசம் என்பது கதாநாயகனுக்குப் பகை மூட்டும் விறகு இல்லை, ஆடுபவர் கையில் இருக்கும் பலம். அலீனா கதையின் நேர் எதிர்முனை இது.

ஆனால் ஒன்று. ஆல்டிஸுக்குள் பெண்ணின் இடம் ஏற்கெனவே தீர்ந்த வழக்கு. அநீதியோடு மோதி ஜெயிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த மோதல் எல்லைக்கு வெளியே, பக்கத்து நாடுகளில்தான் கிடைக்கும். சிலருக்கு அதுவே நிம்மதி. வீட்டிலும் வேலையிலும் போராடிவிட்டு ஆட்டத்திலும் அதையே செய்ய எல்லோருக்கும் தெம்பு இருக்காது. சிலருக்குச் சப்பென்று இருக்கும்.

புதுக் குழுவுக்கு, ஆள் சேர்வது சுலபம் என்பதால் ஐந்தாம் பதிப்பைச் சொல்வேன். ட்ரோ ராணிகளைக் கொண்டுவரும் டன்ஜன் மாஸ்டர், அதே கதையில் நேர்மையாக நாடாளும் ஒரு பெண்ணையும் வைக்கட்டும். உறவுகளை ஆட விரும்புகிற குழுவுக்குப் புளூ ரோஸ். பழைய சுவைதான் வேண்டும் என்றால் 1981 பெட்டி. அதன் விதிகளைத் தெளிவாகத் திருப்பித் தரும் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் 2019-லிருந்து கிடைக்கிறது. சிவப்புப் பெட்டியில் தொடங்குகிறவர்கள் அலீனாவுக்கு ஒரு பகடை கொடுங்கள், அம்பிலிருந்து அவளும் தப்பிக்க முயலட்டும். 1978 புத்தகம்தான் வேண்டுமென்றால் வலிமை அட்டவணையில் பெண்களுக்கான எண்களை அடித்துவிட்டு ஆடுங்கள். ஆட்டத்தின் வேறெந்த விதியும் அதனால் இடறாது.