கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்தில் ஒரு கசெற் வைத்தியர்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகை இல்லாத கடை. முன்பக்கம் போன் திருத்துகிறார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் ஐயா ஒருவர் பழைய கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறார். கலியாண வீடும் நாதஸ்வரக் கச்சேரியும்தான் அதிகம் வருமாம். நான் கொண்டுபோனது ஒன்பது ராக் கசெற்றுகள்.

எண்பதுகளில் லண்டனிலிருந்து மாமா அனுப்பியவை. கடையில் விற்ற இசைத்தட்டின் கள்ளக் கொப்பி அல்ல. கச்சேரிக்குப் போன இரசிகர்கள் ஒளித்துப் பதிந்து, கைமாறிக் கைமாறி வந்த பூட்லெக். லெட் செப்பெலின் என்ற ராக் குழு 1977 ஜூன் 21 அன்று லொஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் வாசித்தது அதில் ஒன்று. மைக் மில்லார்ட் என்ற இரசிகர் சக்கர நாற்காலியில் நகமிச்சி 550 ரெக்கோடரை மறைத்துக் கொண்டுபோய்ப் பதிந்தது. என்னிடம் இருப்பது கொப்பியின் கொப்பியின் கொப்பி. ஆனாலும் அந்தக் குழுவின் ஜோன் பொன்ஹாமின் டிரம் அடி நெஞ்சில் விழும். போரால் 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது பிஸ்கட் ரின்னில் போட்டுச் சாவகச்சேரி வரை கொண்டுபோனேன். அந்த இடத்தில் அரிசி வைத்திருக்கலாம் என்று அம்மா இன்றைக்கும் ஏசுவார்.

முதல் கசெற்றை வாங்கி வந்து கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டுத் துடைத்துவிட்டார். இரைச்சலோடு சிம்பலின் மினுக்கமும் போய், கைதட்டல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. திரும்பப் போனேன்.

“சனத்தின்ர சத்தமும் வேணுமோ தம்பி? நான் அதைக் குப்பை எண்டெல்லோ நினைச்சன்.”

“அந்தச் சனத்துக்காகத்தான் ஐயா இவ்வளவு காலம் வைச்சிருக்கிறன்.”

காசு வாங்காமல் மறுபடி செய்தார். இந்த முறை பக்கத்திலேயே இருந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தார். நாடாவை அழுத்தும் குட்டிக் கம்பளித்துண்டு விழுந்துபோன கசெற்றுக்கு வேறொரு பழைய கசெற்றிலிருந்து எடுத்து ஒட்டினார். அப்புறம் சின்னத் திருப்புளியால் ஹெட்டின் சரிவை இம்மி இம்மியாகத் திருப்ப, மங்கிக் கிடந்த கிற்றார் சட்டென்று திறந்தது. ஒவ்வொரு கசெற்றும் ஒவ்வொரு மெஷினில் பதிந்தது என்பதால், ஒவ்வொன்றுக்கும் இதைப் புதிதாகச் செய்யவேண்டும். அவர் சலிக்கவில்லை. இந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

வேகத்தைச் சரிபார்க்க என் கிற்றாரைக் கொண்டுபோனேன். பதிவு அரைச் சுருதி இறங்கியிருந்தது. ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டச் சரியாகிவிட்டது. ரொறன்ரோவிலிருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினால், “வேகம் கூடிப்போச்சடா” என்கிறார். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவில் ரேப் ரெக்கோடரைப் பூட்டி, பெடலைச் சுற்றியவர் அவர்தான். கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். அவருக்கு அந்த வேகம்தான் சரி.

கசெற் ஒன்றுக்கு 1,200 ரூபாய். கேட்காவிட்டால் எம்பி3யாகச் சுருக்கித்தான் தருவார், சுருக்காத வேவ் கோப்பு வேண்டுமென்று முதலே சொல்லிவிடுங்கள். இரைச்சலில் கை வைக்க வேண்டாம் என்பதையும் துண்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். ஒரு கிழமை என்றவர் மூன்று கிழமை எடுத்தார். டீப் பர்ப்பிள் கசெற் நாடா அறுந்து இன்னும் அவரிடம்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.