மனித பிடி-1 வாங்கிப் புரதம்: எலைசாவுக்கு எந்த வடிவத்தை வாங்குவது?

மலையகத்து மூலிகைச் சாறுகளில் ஏதேனும் பிடி-1 வாங்கிக்கும் (வாங்கி என்பது கலத்துக்குச் சமிக்ஞைகளைப் பெற்றுத்தரும் புரதம்) அதனோடு பிணையும் புரதமான பிடி-எல்1 இற்கும் இடையிலான பிணைப்பைத் தடுக்கிறதா என்று, புரதப் பிணைப்பைத் தட்டொன்றில் நிறமாகக் காட்டும் எலைசா முறையில் பார்ப்பதற்காக, பேராதனையிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு இந்த மீள்சேர்க்கைப் புரதத்தை (மரபணுவைக் கலங்களில் புகுத்தி உருவாக்கப்படும் புரதத்தை) தருவித்தோம். பிடி-1, நோயெதிர்ப்புக் கலங்களான டி கலங்களின் மேற்பரப்பில் இருந்துகொண்டு அவற்றின் துலங்கலை அடக்கும் வாங்கியாகும். தசுக்கு ஹொன்ஜோவின் குழு 1992 இல் இதனை முதன்முதலில் அறிவித்தது. ஜேம்ஸ் அலிசனுடன் பகிர்ந்து 2018 இல் ஹொன்ஜோவுக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இவ்வாங்கிக்குப் பெரும் பங்குண்டு. முழுப் புரதத்தில் 288 அமினோ அமிலங்கள் உள்ளன; குப்பியில் வருவது கலத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி மட்டுமே, அதன் முனையில் ஹிஸ்டிடின் வால் (ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தாலான சிறு தொடர்) ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

தரத்தைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை. கணக்கின்படி 17 கிலோடால்டன் (மூலக்கூற்று நிறையின் அலகு) அளவில் நிற்க வேண்டிய புரதம், புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் 30 இற்கும் 45 இற்கும் இடையே அகலமாகக் கலங்கித் தெரிந்தபோது, மாணவர் ஒருவர் அதனைக் கலப்படம் என்றே முடிவுகட்டிவிட்டார். உண்மையில், மனிதச் சிறுநீரகக் கலவழியான எச்ஈகே 293 இல் உருவாக்கப்படுவதால் நான்கு இடங்களில் வெவ்வேறு நீளத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிக்கொள்கின்றன. பிஎன்ஜேஸ் எஃப் நொதியத்தால் அவற்றை வெட்டிய பின்னர் பட்டை ஒடுங்கிக் கீழிறங்கியது. பற்றீரியாவில் தயாரிக்கப்படும் மலிவான வகையில் இச்சர்க்கரைகள் இருப்பதில்லை.

உறையுலர்த்திய தூளாக வருவது மலைநாட்டுக்குப் பெரிய வசதி. திரவ வடிவமென்றால் கட்டுநாயக்காவில் இறங்கிக் கடுகண்ணாவை ஏற்றம் கடந்து வரும்வரை உலர்பனிக்கட்டி தாங்குமா என்று கவலைப்பட வேண்டியிருக்கும். இருந்தும், விநியோகித்த முகவர் வெப்பநிலை காட்டி எதையும் வைக்காமல் பொதியைக் கையளித்தது ஏற்கத்தக்கதல்ல. குப்பியைத் திறக்குமுன் அறை வெப்பநிலைக்கு வரவிடுவது அவசியம். மழைக்காலத்து ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் உடனே நீராகப் படிந்துவிடும். தூள் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருப்பதால் குப்பி வெறுமையாகவே தோன்றும். மையநீக்கியில் சுழற்றிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். கரைத்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்துவிட்டால், மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைக்கும் தேவை எழாது.

விலைக்கேற்ற பயன் கிடைப்பது எவ்வடிவத்தைத் தெரிவுசெய்கிறோம் என்பதில்தான் தங்கியிருக்கிறது. தனி மூலக்கூறாக இருக்கும் பிடி-1, பிடி-எல்1 உடன் மைக்ரோமோலார் அளவிலேயே பிணைகிறது. அத்தகைய தளர்ந்த பிணைப்பு எலைசாவின் கழுவல்களில் பெரும்பாலும் அடித்துச் செல்லப்படுவதால் எங்களுக்குக் கிடைத்த நிறம் மங்கலாகவே இருந்தது. பிறபொருளெதிரியின் தண்டான எஃப்சி பகுதியோடு இணைத்த வடிவம் இரட்டையாக அமைந்து இரு கைகளாலும் பற்றிக்கொள்வதால், அதே தட்டில் தெளிவான நிறத்தைத் தந்தது. பிணைப்பு வலிமையைத் துல்லியமாக அளக்கும் கருவி வைத்திருப்போருக்கு ஹிஸ்டிடின் வால் கொண்ட தனி வடிவமே பொருத்தம். எலைசா மட்டும் செய்யும் ஆய்வுகூடங்கள் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டேனும் எஃப்சி வடிவத்தையே கேட்டு வாங்கலாம்.